விடைத்தாள் இல்லாத கணிதப் போட்டி

கணிதப் போட்டி என்றதும் பலருக்கு ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். வரிசையாகப் போடப்பட்ட மேசைகள், சுவரில் ஒரு கடிகாரம், பேச்சுமூச்சற்ற மண்டபம், தலைகுனிந்து தனித்தனியே எழுதும் மாணவர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே விடை. அந்த விடை தேர்வாளரின் உறைக்குள் பத்திரமாக இருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு கணிதப் போட்டி 1985ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. அதில் மூன்று மாணவர்கள் ஒன்றாக உட்காரலாம். பேசலாம், வாதிடலாம், சண்டைகூடப் போடலாம். நூலகத்திற்குச் செல்லலாம், இணையத்தைத் திறக்கலாம், கணினியில் நிரல் எழுதலாம். கால அவகாசம் ஏறக்குறைய நான்கு நாள். இத்தனை வசதி இருந்தும் பரிசு வெல்வது எளிதன்று. காரணம், சரியான விடை நடுவர்களிடமும் இல்லை.

கணித மாதிரியாக்கப் போட்டி எனப்படும் இந்த அனைத்துலக மாணவர் போட்டிதான் இவ்வார அரங்கின் பொருள். கணக்கில் கெட்டிக்காரரான ஒரு மாணவர் ஏன் இங்கே தடுமாறுகிறார், சுமாரான மதிப்பெண் வாங்கும் இன்னொருவர் ஏன் இங்கே பளிச்சிடுகிறார் என்பதைப் புரிந்துகொண்டால், நம் பிள்ளைகள் கணிதம் கற்கும் முறையையும் புதிய கண்ணோடு பார்க்க முடியும்.

போட்டி பிறந்த கதை

அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கான புகழ்பெற்ற கணிதப் போட்டி, புட்னம் போட்டி. 1938ஆம் ஆண்டு தொடங்கியது. ஆறு மணி நேரத்தில் 12 கணக்குகள், மொத்தம் 120 புள்ளிகள். கணிதத்தில் தேர்ந்த மாணவர்களே இதில் கலந்துகொள்கிறார்கள். ஆனாலும் பல ஆண்டுகளில் பாதிப் பேருக்கு மேல் கிடைத்தது ஒரு புள்ளி அல்லது பூஜ்யம்தான்.

மேதைகளைக் கண்டுபிடிக்க அது நல்ல வழி. ஆனால் கணிதத்தைப் பொறியியலிலும் மருத்துவத்திலும் வணிகத்திலும் பயன்படுத்தப்போகும் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு அங்கே இடமில்லை. வெளியுலகில் எந்தப் பொறியியலாளரும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தனியாக ஆறு மணி நேரத்தில் பாலம் கட்டுவதில்லை. இதை உணர்ந்தவர் மேரிலாந்து மாநிலத்தில் சாலிஸ்பரி கல்லூரியில் கணிதம் கற்பித்த பென் ஃபுசாரோ. குழுவாகச் செய்யும் போட்டி, கணினியையும் புத்தகத்தையும் தடை செய்யாத போட்டி, முடிவில் ஓர் அறிக்கையைக் கேட்கும் போட்டி என்ற அவரது எண்ணத்திற்குக் 'கோமாப்' என்ற கணிதக் கல்வி அமைப்பு கைகொடுத்தது. எம்.சி.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் போட்டி 1985இல் 90 அணிகளுடன் தொடங்கியது.

1989இல் சீன மாணவர்கள் கலந்துகொள்ளத் தொடங்கினார்கள். 1992இல் சீனா தனக்கென மூன்று நாள் தேசியப் போட்டி ஒன்றையும் ஏற்படுத்திக்கொண்டது. இன்று எம்.சி.எம். போட்டியில் ஆயிரக்கணக்கான அணிகள் பங்கெடுக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சீனப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை என்பது குறிப்பிடத்தக்கது. 1999இல், பல துறைகளைத் தொடும் சிக்கல்களுக்காக ஐ.சி.எம். என்ற இணைப் போட்டியும் சேர்க்கப்பட்டது.

மாதிரி என்றால் என்ன?

பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. வீடு கட்டுமுன் வரைபடம் போடுகிறோம். அந்த வரைபடத்தில் சுவரின் நிறமோ வாசலில் வைக்கப்போகும் துளசியோ இருக்காது. தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம். கணித மாதிரியும் அப்படித்தான். உலகத்தின் ஒரு துண்டை எடுத்து, தேவையானதை மட்டும் எண்களாகவும் சமன்பாடுகளாகவும் எழுதிப் பார்ப்பது.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை எடுத்துக்கொள்வோம். ஓய்வு நேரம் 20 நிமிடம். மாணவர்கள் 300 பேர். உணவு வழங்கும் முகப்பு மூன்று. ஒருவருக்கு உணவு கொடுக்க 15 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முகப்பில் நிமிடத்திற்கு 4 பேர், மூன்றிலும் சேர்த்து 12 பேர், 20 நிமிடத்தில் 240 பேர். ஆக 60 பிள்ளைகளுக்கு உணவு கிடைக்காது. தேர்வுத் தாளில் கணக்கு இங்கே முடிந்துவிடும்.

மாதிரியாக்கம் இங்கேதான் தொடங்குகிறது. 300 பேருமே வாங்கிச் சாப்பிடுகிறார்களா? கால்வாசிப் பேர் வீட்டிலிருந்து உணவு கொண்டுவந்தால் வாங்குபவர்கள் 225 பேர்தான். அப்படியானால் மூன்று முகப்பு போதும். ஆனால் சில்லறை கொடுப்பதில் தாமதமாகி ஒருவருக்கு 20 விநாடி ஆனால்? அப்போது 180 பேருக்குத்தான் கிடைக்கும். மறுபடியும் பற்றாக்குறை. ஐந்து விநாடி முழுக் கதையையும் மாற்றிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 240ஆவது மாணவர் கையில் தட்டை வாங்கும்போது மணி அடிக்கும். அவர் எப்போது சாப்பிடுவார்? சாப்பிட 8 நிமிடம் வேண்டும் என்றால் உணவு வழங்க உண்மையில் இருப்பது 12 நிமிடம் மட்டுமே. 15 விநாடிக் கணக்கிலேயேகூட 144 பேருக்குத்தான் பசி தீரும். 'எத்தனை பேருக்கு உணவு கிடைக்கும்' என்று தொடங்கிய கேள்வி, 'எத்தனை பேர் சாப்பிட்டு முடிப்பார்கள்' என்று மாறிவிட்டது. சரியான கேள்வியைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

இந்தக் கணக்கில் பெருக்கல், வகுத்தலைத் தவிர வேறொன்றும் இல்லை. போட்டியில் வரும் கணக்குகளில் இதைவிடப் பெரிய கருவிகள் தேவைப்படும். ஆனால் சிந்திக்கும் வழி இதேதான். அனுமானத்தை வெளிப்படையாக எழுதுவது, கணக்கிடுவது, அனுமானத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பது, தேவையானால் கேள்வியையே திருத்துவது.

நான்கு நாளில் நடப்பது

போட்டி ஆண்டின் தொடக்கத்தில், பெரும்பாலும் ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ நடைபெறும். அமெரிக்காவில் வியாழக்கிழமை மாலையில் கேள்விகள் இணையத்தில் வெளியாகும்போது நமக்கு வெள்ளிக்கிழமை காலை. கொடுக்கப்பட்ட கேள்விகளில் ஒன்றை அணி தேர்ந்தெடுக்க வேண்டும். பல அணிகளுக்கு முதல் நாளின் பெரும்பகுதி இந்தத் தேர்விலேயே போய்விடும்.

விதி ஒன்று சுவையானது. உயிரற்ற எந்த மூலத்தையும் பயன்படுத்தலாம்; அணிக்கு வெளியே உள்ள எந்த மனிதரிடமும் உதவி கேட்கக் கூடாது. புத்தகம், ஆய்வுக் கட்டுரை, இணையத்தளம், மென்பொருள் எல்லாம் சரி. அணியைப் பதிவு செய்த விரிவுரையாளரிடம்கூடக் கேள்வி வெளியான பிறகு ஆலோசனை கேட்க முடியாது. எடுத்தாண்ட ஒவ்வொன்றுக்கும் மூலத்தைக் குறிப்பிட வேண்டும்.

மூன்று பேரில் ஒருவர் கணிதத்தில் வலுவானவர், ஒருவர் நிரல் எழுதுபவர், ஒருவர் அறிக்கை எழுதுபவர் என்று அணிகள் பிரித்துக்கொள்வது வழக்கம். ஆனால் எழுதுபவருக்குக் கணக்கு புரியாவிட்டால் அறிக்கை பொய்த்துவிடும். கணக்குப் போடுபவருக்குத் தன் வேலையை விளக்கத் தெரியாவிட்டால் எழுதுபவர் தவிப்பார். மூன்றாம் நாள் இரவில், தூக்கமில்லாத கண்களோடு, 'இந்த மாதிரி சரிப்படாது, மாற்றலாமா?' என்று ஒருவர் கேட்கும்போது மற்ற இருவரும் என்ன செய்கிறார்கள் என்பதில் அணியின் தரம் தெரிந்துவிடும்.

நம் சாலைகளில் கிடக்கும் கணக்குகள்

கேள்விகள் எங்கோ விண்ணிலிருந்து வருவதில்லை. 2005இல் வந்த கேள்வி நெடுஞ்சாலைக் கட்டணச் சாவடிகளைப் பற்றியது. சாலையில் மூன்று தடங்கள் இருக்கும். சாவடியை நெருங்கும்போது சாலை அகன்று எட்டு, பத்து முகப்புகளாக விரியும். கட்டணம் செலுத்திய பிறகு எல்லாரும் மீண்டும் மூன்று தடங்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைய வேண்டும். முகப்புகள் குறைந்தால் சாவடிக்கு முன்னால் நெரிசல். கூடினால் சாவடிக்குப் பின்னால் நெரிசல். எத்தனை முகப்பு இருந்தால் நல்லது? பெருநாள் விடுமுறைக்குக் கிராமத்துக்குக் காரில் புறப்பட்ட எவருக்கும் இந்தக் கேள்வியின் வலி தெரியும்.

2014இல் வந்த கேள்வி, முந்திச் செல்லும்போது தவிர மற்ற வேளைகளில் வலப்பக்கத் தடத்திலேயே செல்ல வேண்டும் என்ற விதி உண்மையிலேயே போக்குவரத்துக்கு உதவுகிறதா என்பது. அதே கேள்வியின் இன்னொரு பகுதி, இடப்பக்கம் வாகனம் ஓட்டும் நாடுகளுக்கு உங்கள் தீர்வை அப்படியே திருப்பிப் போட்டால் போதுமா என்று கேட்டது. மலேசியாவும் சிங்கப்பூரும் அத்தகைய நாடுகள்தாம்.

மற்ற ஆண்டுகளில் வந்தவை இன்னும் பலவகை. சூறாவளிக்கு முன் கடலோர மக்களை எப்படி வெளியேற்றுவது என்பது 2001இல் வந்தது. விமான நிறுவனங்கள் இருக்கைகளைவிட அதிகமாக எவ்வளவு சீட்டு விற்கலாம் என்பது 2002இல். மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சைக் குறிபார்ப்பது 2003இல். எபோலா நோய்க்கான மருந்தை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பது 2015இல். கடற்கரையில் கட்டும் மணல் கோட்டை எந்த வடிவில் இருந்தால் அதிக நேரம் அலைகளைத் தாங்கும் என்ற கேள்விகூட 2020இல் வந்தது.

மலேசியர் மறக்க முடியாத ஒரு கேள்வி

2014 மார்ச் 8ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் புறப்பட்ட எம்எச்370 விமானம் 239 பேருடன் காணாமற்போனது. ஓராண்டுகூட நிறைவுறாத நிலையில், 2015 பிப்ரவரியில் நடந்த போட்டியில் அந்த விமானத்தைப் பெயர் சொல்லி நினைவூட்டிய கேள்வி ஒன்று வந்தது. திறந்த கடலில் விழுந்ததாக அஞ்சப்படும் ஒரு விமானத்தைத் தேட உதவும் பொதுவான மாதிரியை உருவாக்க வேண்டும். விமானத்திலிருந்து எந்தச் சமிக்ஞையும் வரவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். அத்துடன், விமான நிறுவனம் செய்தியாளர் கூட்டத்தில் பயன்படுத்தும் வகையில், கணிதச் சொற்கள் இல்லாத ஓரிரு பக்க விளக்கத்தையும் எழுத வேண்டும்.

இத்தகைய தேடலுக்குக் கணிதத்தில் ஒரு வழி உண்டு. கடலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் விமானம் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று முதலில் மதிப்பிடுவது. அ, ஆ, இ என்று மூன்று பகுதிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அ பகுதிக்கு 50 விழுக்காடு, ஆ பகுதிக்கு 30, இ பகுதிக்கு 20. தேடும் கருவி, விமானம் அங்கே இருந்தால் 80 விழுக்காடு கண்டுபிடித்துவிடும் திறன் கொண்டது.

அ பகுதியைத் தேடுகிறார்கள். கிடைக்கவில்லை. 'வீண் வேலை' என்று சொல்லத் தோன்றும். ஆனால் கணிதம் அப்படிச் சொல்லாது. அ பகுதிக்கு இருந்த 50இல் 40 கழிந்து 10தான் மிஞ்சியிருக்கிறது. ஆ பகுதியின் 30, இ பகுதியின் 20 அப்படியே உள்ளன. மொத்தம் 60. இதை மறுபடி நூற்றுக்கு மாற்றினால் அ பகுதிக்கு ஏறக்குறைய 17, ஆ பகுதிக்கு 50, இ பகுதிக்கு 33. அடுத்த கப்பல் எங்கே போக வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. கிடைக்கவில்லை என்பதும் ஒரு தகவல். ஆனால் அ பகுதியின் வாய்ப்பு பூஜ்யம் ஆகிவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கருவி தவறவிட்டிருக்கலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2009 ஜூன் 1ஆம் தேதி ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானம் 228 பேருடன் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. மிதந்த சிதைவுகள் சில நாள்களில் கிடைத்தாலும், கடலடியில் இருந்த பகுதிகள் ஈராண்டு வரை அகப்படவில்லை. விமானத்தின் கறுப்புப் பெட்டிகளில் உள்ள ஒலியெழுப்பிகள் வேலை செய்திருக்கும் என்ற அனுமானத்தில், ஒலி கேட்காத இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. புள்ளியியல் வல்லுநர்கள் எல்லாத் தகவலையும் மறுபடி கணக்கிட்டபோது, ஒலியெழுப்பிகள் பழுதாகியிருக்கலாம் என்ற வாய்ப்பையும் எடுத்துக்கொண்டார்கள். வாய்ப்பு வரைபடம் மாறியது. விமானத்தின் இருப்பிடம் கடைசியாகத் தெரிந்த புள்ளிக்கு அருகே உள்ள பகுதி முன்னுக்கு வந்தது. 2011இல் அங்கே தேடல் மீண்டும் தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரத்தில், ஏப்ரல் தொடக்கத்தில், சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடைத்தன. கடலும் கருவியும் மாறவில்லை. அனுமானம் ஒன்று மாறியது.

எம்எச்370 விஷயத்தில் அத்தகைய முடிவு வாய்க்கவில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் 120,000 சதுர கிலோமீட்டர் கடலடி அலசப்பட்டு, 2017 ஜனவரியில் அந்தத் தேடல் நிறுத்தப்பட்டது. 2018இல் தனியார் நிறுவனம் நடத்திய தேடலிலும் பலன் கிட்டவில்லை. நல்ல மாதிரி இருந்தாலே விடை கிடைத்துவிடும் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஏன் இங்கே தேடுகிறோம், ஏன் அங்கே தேடவில்லை என்பதைக் காத்திருக்கும் குடும்பத்தாருக்கு நேர்மையாக விளக்க அது உதவும். செய்தியாளர் கூட்டத்துக்கான அந்த விளக்கத்தை மாணவர்களிடம் கேட்டதன் பொருள் இங்கே புலப்படும்.

எண் சொல்லாத ஒன்று

இப்போட்டிகள் கற்றுத்தரும் இன்னொரு பாடம், எது நல்லது என்பதைக் கணிதம் தானாக முடிவு செய்யாது என்பது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான அனைத்துலகக் கணித மாதிரியாக்கச் சவால் என்ற போட்டியில் 2017இல் ஒரு கேள்வி வந்தது. உலகின் வெவ்வேறு நகரங்களிலிருந்து வருபவர்கள் ஒரு கூட்டம் நடத்த வேண்டும். நீண்ட விமானப் பயணமும் நேர மாற்றமும் தரும் களைப்பால் கூட்டத்தின் பயன் குறையக் கூடாது. எந்த ஊரில் கூடலாம்?

ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஊரில் கூடினால் ஐந்து பேருக்குக் களைப்பு ஆளுக்கு 1 அலகு, ஒருவருக்கு மட்டும் 10 அலகு. மொத்தம் 15. இரண்டாவது ஊரில் ஆறு பேருக்கும் ஆளுக்கு 3 அலகு. மொத்தம் 18. மொத்தக் களைப்பு குறைய வேண்டுமானால் முதல் ஊர். ஒருவர் மட்டும் அவதிப்படக் கூடாது என்றால் இரண்டாவது ஊர். இரண்டு கணக்கும் சரியானவை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது நியாயம் பற்றிய கேள்வி. எதை நல்லது என்று வைத்துக்கொண்டோம், ஏன் அப்படி வைத்துக்கொண்டோம் என்பதை அறிக்கையில் ஒளிக்காமல் எழுத வேண்டும்.

பேருந்துத் தடத்தை மாற்றும்போதும், மருந்தகம் எங்கே அமைப்பது என்று தீர்மானிக்கும்போதும் இதே கேள்விதான் எழுகிறது. 'கணினி சொன்னது' என்று ஓர் அதிகாரி சொன்னால், 'கணினியிடம் எதைக் குறைக்கச் சொன்னீர்கள்?' என்று திருப்பிக் கேட்கத் தெரிந்த குடிமக்கள் வேண்டும்.

நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

விடைத்தாள் இல்லை என்றால் எப்படி மதிப்பிடுவது? எம்.சி.எம். அறிக்கைகளில் மாணவர் பெயரோ பல்கலைக்கழகப் பெயரோ இருக்காது. அணியின் எண் மட்டுமே இருக்கும். அறிக்கையின் முதல் பக்கம் ஒரு சுருக்கவுரை. முதற்கட்ட மதிப்பீட்டில் நடுவர்கள் ஒவ்வோர் அறிக்கைக்கும் சில நிமிடங்களே ஒதுக்க முடியும் என்பதால் அந்த ஒரு பக்கத்திற்குப் பெரிய எடை உண்டு. என்ன செய்தோம், என்ன முடிவு கிடைத்தது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதை அங்கே சொல்லத் தவறிய அணிகள், உள்ளே பெரிய சமன்பாடுகளை வைத்திருந்தாலும் பின்தங்கிவிடுகின்றன.

அடுத்து அனுமானங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேண்டும். பிறகு மாதிரி, அதைச் சோதித்த விதம், இறுதியில் அதன் பலமும் பலவீனமும். தன் வேலையின் குறையைத் தானே எழுதினால் பள்ளித் தேர்வில் மதிப்பெண் குறையும் என்று அஞ்சிப் பழகிய மாணவர்களுக்கு இது புதிது. இங்கே குறையைத் தெரிந்துவைத்திருப்பது தகுதி. தெரியாமல் இருப்பதுதான் குறை. அண்மை ஆண்டுகளில் மிக உயர்ந்த விருதைப் பெறும் அணிகள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

பள்ளி மாணவர்களுக்கும் வழி உண்டு

பல்கலைக்கழகம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மேலே கண்ட அனைத்துலகச் சவால் 2015இல் தொடங்கியது. நான்கு பேர் வரை ஓர் அணி. தொடர்ச்சியாக ஐந்து நாள் வேலை. ஒரு நாட்டிலிருந்து இரண்டு அணிகள் வரை இறுதிச் சுற்றுக்கு அனுப்பலாம். சிங்கப்பூரில் என்யுஎஸ் கணித, அறிவியல் உயர்நிலைப் பள்ளி 2008இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலகக் கணிதச் சவாலும் மாதிரியாக்கத்தை மையமாகக் கொண்டது. பல நாட்டு மாணவர் அணிகள் சிங்கப்பூரில் கூடி, தங்கள் தீர்வை எழுதுவதோடு நடுவர்கள் முன் விளக்கவும் வேண்டும்.

மலேசியாவில் படிவம் 5 கணிதப் பாடநூலின் எட்டாவது, அதாவது கடைசி அத்தியாயம் கணித மாதிரியாக்கம்தான். கடைசி அத்தியாயம் என்பதிலேயே ஓர் ஆபத்து இருக்கிறது. எஸ்பிஎம் தேர்வு நெருங்கும் வேளையில் அது அவசர அவசரமாக முடிக்கப்படலாம். 15 வயது மாணவர்கள் கணிதத்தை அன்றாடச் சூழலில் பயன்படுத்தும் திறனைச் சோதிக்கும் அனைத்துலகப் பிசா மதிப்பீட்டில், 2022ஆம் ஆண்டு சிங்கப்பூர் 575 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. மலேசியா 2018இல் பெற்ற 440 புள்ளிகளிலிருந்து 409க்கு இறங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டிருந்ததையும் மறந்துவிட முடியாது. எனினும், அந்தக் கடைசி அத்தியாயத்தை ஒதுக்கிவிட முடியாது என்பதை இந்த எண்கள் நினைவூட்டுகின்றன.

பெற்றோர் கேட்கக்கூடிய கேள்விகள்

கணிதத்தில் 'ஏ' வாங்குபவர்தான் சேர முடியுமா?

அடிப்படைக் கணிதம் கட்டாயம் வேண்டும். ஆனால் அணிக்கு நன்றாக எழுதுபவரும் வேண்டும், தகவல் தேடுபவரும் வேண்டும், 'இது நடைமுறையில் நடக்குமா?' என்று கேட்பவரும் வேண்டும். உயிரியலோ பொருளியலோ படிக்கும் மாணவர் ஒருவர் அணியைக் காப்பாற்றக்கூடிய கேள்விகள் நிறைய வந்துள்ளன.

அறிக்கை ஆங்கிலத்தில்தானே எழுத வேண்டும்?

ஆம். எம்.சி.எம். அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் ஏற்கப்படுகின்றன. ஆனால் சிந்தனைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை, சிற்றுண்டிச்சாலை வரிசையைப் பற்றித் தமிழிலேயே வாதிட்டுப் பழகலாம். தாய்மொழியில் தெளிவாக விளக்கத் தெரிந்த ஒன்றை வேறு மொழிக்குக் கொண்டுசெல்வது எளிது. எந்த மொழியிலும் விளக்கத் தெரியாததை ஆங்கில இலக்கணம் காப்பாற்றாது.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் எழுதிவிடாதா?

உயிரற்ற மூலம் என்ற பழைய விதிக்கு இப்போது புதிய சோதனை வந்திருக்கிறது. உயிரற்ற மூலமே வாய் திறந்து பேசுகிறது. ஏற்பாட்டாளர்கள் அதைத் தடை செய்யவில்லை. பயன்படுத்தினால் எதற்குப் பயன்படுத்தினோம் என்பதை ஒளிக்காமல் தனி அறிக்கையாக இணைக்க வேண்டும் என்று விதித்துள்ளனர். கருவி நொடியில் பத்துப் பக்கம் எழுதித் தரும். அதில் உள்ள அனுமானம் சரியா என்று பார்க்கும் பொறுப்பு மாணவருடையது. அதைப் பார்க்கத் தெரியாதவருக்குக் கருவி வேகமாகத் தவறு செய்யவே உதவும்.

இதற்குத் தனி டியூஷன் தேவையா?

மாதிரி விடைகளை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. அதே கேள்வி மறுபடி வருவதில்லை. பழைய கேள்விகளை எடுத்து, மூன்று நண்பர்கள் ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து முயன்று, இரண்டு பக்கம் எழுதி, வீட்டில் உள்ள ஒருவரிடம் படித்துக் காட்டினால் போதும். கேட்பவருக்குப் புரியவில்லை என்றால் திருத்தி எழுத வேண்டும். பாட்டிக்குப் புரிந்துவிட்டால் நடுவருக்கும் புரியும்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம்

நமது சூழலில் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் ஏறுவோரும் இறங்குவோரும் முட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன செய்யலாம்? அடுக்குமாடி வீட்டில் காலை ஏழு மணிக்கு மின்தூக்கி ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது? கல்யாணத்துக்கு ஆயிரம் பேரை அழைத்தால் எத்தனை பேருக்குச் சமைப்பது? கடைசிக் கேள்விக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் காலங்காலமாக மாதிரி போட்டு வந்திருக்கிறார்கள். தாளில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளை கணக்கைச் செய்து முடித்து நோட்டை நீட்டும்போது, விடை சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டாம். 'எதை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்கிறாய்? அது மாறினால் விடை என்னவாகும்?' என்று சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். முதலில் பிள்ளை விழிக்கும். கொஞ்ச நாளில் அதே கேள்வியை நம்மிடம் திருப்பிக் கேட்கும். அன்று பதில் சொல்லப் பெற்றோரும் தயாராக இருக்க வேண்டும்.